பங்கர் பஸ்டர்: துளைக்கும், பார்க்காது

2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. எந்தச் செய்திச் சேனலைத் திருப்பினாலும் ஒரே மாதிரி அனிமேஷன். சாம்பல் நிறத்தில் ஒரு மலை, மேலே வௌவால் மாதிரி ஒரு விமானம், அதிலிருந்து ஊசி மாதிரி ஒரு குண்டு. ஊசி மலைக்குள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், அடியில் சிவப்பாக ஒரு வட்டம் வெடிக்கும், அவ்வளவுதான். மறுபடியும் முதலிலிருந்து. அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடை பெஞ்சு வரைக்கும் எல்லோருக்கும் ஜி.பி.யூ.-57 என்ற பெயர் மனப்பாடம். எடை 13,600 கிலோ. நீளம் 6 மீட்டருக்கும் மேல். 60 மீட்டர் ஆழம் வரை துளைக்கும். பி-2 விமானம் மட்டும்தான் தூக்கும். ஒரே ராத்திரியில் 14 குண்டுகள், அதில் 12 ஈரானின் ஃபோர்டோ மலைமேல், 2 நதான்ஸ் மேல்.

14 குண்டு என்றால் 190 டன் இரும்பும் வெடிமருந்தும். கூட்டிப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு எடை, எத்தனை மணி நேரப் பயணம் (போய் வர 37 மணி நேரம்) என்று எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒரே ஒரு கேள்வி மட்டும் அந்த அனிமேஷனில் இல்லை. அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் என்ன இருந்தது? யாராவது பார்த்தார்களா?

பங்கர் பஸ்டர் என்ற இந்தச் சாதியின் மொத்தக் கோளாறும் இதுதான். இதை விற்பவர்களும் ரசிப்பவர்களும் ஆழத்தைப் பற்றியே பேசுவார்கள். இந்தக் குண்டு தோற்ற இடங்களை எடுத்துப் பாருங்கள், அநேகமாக எங்கேயும் ஆழம் பத்தாமல் தோற்கவில்லை. உள்ளே இருப்பது யார், என்ன என்று தெரியாமல் போட்டதில் தோற்றிருக்கிறது. இன்னும் சில இடங்களில் தோற்கவே இல்லை, சொன்ன வேலையைக் கச்சிதமாகச் செய்தது. அந்த இடங்கள்தான் இன்னும் மோசம்.

முதலில் இதன் பிறப்பு. சுவாரஸ்யமான கதை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் சில பதுங்கு அரண்கள் அமெரிக்காவின் 900 கிலோ குண்டுகளுக்கு அசைந்து கொடுக்கவில்லை. துளைக்கும் குண்டுக்கு வேண்டியது நிறைய வெடிமருந்து இல்லை. ஒல்லியாக, நீளமாக, கனமாக, உடையாத எஃகில் ஒரு கூடு. அடியில் போய்ச் சேரும்வரை வெடிக்காமல் பொறுத்திருக்கிற ஒரு ஃப்யூஸ். (ஜி.பி.யூ.-57-லேயே வெடிமருந்து மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் ஆணி.) புதிதாக எஃகு வார்க்க நேரமில்லை. அப்போதுதான் யாருக்கோ பழைய பீரங்கிகளின் ஞாபகம் வந்தது. ராணுவம் ஓரங்கட்டிய 8 அங்குலப் பீரங்கிக் குழாய்கள், முதல்தரமான எஃகு, சும்மா கிடக்கின்றன. நியூயார்க் மாநிலத்து வாட்டர்விலியட் ஆயுதத் தொழிற்சாலையில் அந்தக் குழாய்களை அறுத்துக் கடைந்து குண்டாக்கினார்கள். சில வாரங்களில் வேலை முடிந்தது. நெவாடா பாலைவனத்தில் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள், 30 மீட்டருக்கும் கீழே புதைந்துவிட்டது, தோண்டி எடுக்கவே இல்லை. இன்னொன்றை ராக்கெட் வண்டியில் வைத்துக் கான்கிரீட் மேல் மோதவிட்டார்கள். 6 மீட்டருக்கும் அதிகமான கான்கிரீட்டைத் துளைத்து மறுபக்கம் பறந்தது. ஜி.பி.யூ.-28 பிறந்த கதை இதுதான். கழித்துப்போட்ட சொத்திலிருந்து இப்படி ஒரு வருமானம் வருவது அக்கவுண்டன்சி பாடத்தில்கூட அபூர்வம்.

பிப்ரவரி 27-ம் தேதி பாக்தாதுக்கு வடக்கே அல்-தாஜி அரணின்மேல் இரண்டு போட்டார்கள். ஒன்று தவறியது, ஒன்று துளைத்தது. மறுநாள் போர் நின்றது, ஆனால் இந்தக் குண்டால் இல்லை. குவைத்தில் ஈராக் ராணுவம் ஏற்கெனவே சிதறி ஓடிக்கொண்டிருந்தது. சதாம் உசேன் அதற்கப்புறமும் 12 வருடம் ஆட்சியில் இருந்தார்.

அந்த 12 வருடம் கழிந்து 2003 மார்ச் 20 விடியற்காலை. இரண்டாவது ஈராக் போரின் முதல் அடியே பங்கர் பஸ்டர்தான். பாக்தாதின் தெற்கு ஓரத்தில் டோரா பண்ணை என்ற இடம். அங்கே நிலத்தடி அரண் இருக்கிறது, சதாம் இன்று இரவு அங்கேதான் என்று தகவல் வந்தது. இரண்டு எஃப்-117 விமானங்கள், நான்கு துளைக்கும் குண்டுகள், கூடவே வரிசையாகக் குரூஸ் ஏவுகணைகள். சதாம் அங்கே இல்லை. சரி, அது சகஜம், ஆள் நகர்ந்துவிடுவான். ஆனால் பாக்தாத் பிடிபட்ட பிறகு மே மாதத்தில் அமெரிக்க ராணுவக் குழுவே அந்த இடத்தைப் போய்த் தேடியது. சதாம் இல்லாதது இருக்கட்டும், அங்கே அரணையே காணவில்லை!

விலை உயர்ந்த துளைக்கும் குண்டை, இல்லாத ஒரு அரணுக்குள் துளைத்திருக்கிறார்கள். நல்லவேளை, குண்டுக்கு வெட்கம் கிடையாது.

ஏப்ரல் 7-ம் தேதி மறுபடியும் தகவல். இந்த முறை மன்சூர் என்ற குடியிருப்புப் பகுதி. பி-1 விமானம் வந்து நான்கு 900 கிலோ குண்டுகள் போட்டது, அதிலும் துளைக்கும் ரகம் உண்டு. வீடுகள் இருந்த இடத்தில் பள்ளம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்குப்படி 18 பொதுமக்கள் இறந்தார்கள். சதாம் அங்கேயும் இல்லை. கடைசியில் அவர் எங்கே கிடைத்தார்? டிசம்பர் 13, திக்ரித் பக்கம் ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில், ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு குழியில். ஆழம் சுமார் 2 மீட்டர். மேலே மண்ணைத் தூவி மூடியிருந்தது. கண்டுபிடித்தது குண்டு இல்லை. சொந்தக்காரர்கள், மெய்க்காவலர்கள் என்று ஒவ்வொருவராக மாதக்கணக்கில் விசாரித்து, கடைசியில் காலால் நடந்து போய்த் தேடிய சிப்பாய்கள்.

இதுவரை சொன்னது குண்டு ஏமாந்த கதைகள். இனி ஏமாறாத கதை.

1991 பிப்ரவரி 13, பாக்தாதின் அமிரியா பகுதி. அங்கே ஒரு நிலவறைக் காப்பிடம் இருந்தது. ஈரான்-ஈராக் போர்க்காலத்தில் 1980-களில் கட்டியது, தடித்த கான்கிரீட் கூரை. போர் தொடங்கி நான்காவது வாரம். தினம் ராத்திரி விமானங்கள் வரும். அதனால் அக்கம்பக்கத்துப் பெண்களும் குழந்தைகளும் சாயங்காலமானால் போர்வை, சாப்பாட்டுடன் அங்கே வந்துவிடுவார்கள். வெந்நீர் கிடைக்கும், விளக்கு எரியும், பிள்ளைகள் பயப்படாமல் தூங்கும். ஆண்களும் பெரிய பையன்களும் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், காப்பிடத்தில் பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டுமே என்று. அதனால்தான் பிறகு அந்தத் தெருக்களில் குடும்பத்தில் அப்பா மட்டும் மிஞ்சிய வீடுகள் அத்தனை இருந்தன.

விடியற்காலை நாலரை மணி சுமாருக்கு எஃப்-117 விமானங்கள் வந்து இரண்டு லேசர் குண்டுகள் போட்டன. தலா 900 கிலோ, துளைக்கும் ரகம். முதல் குண்டு கூரையைத் துளைத்தது. இரண்டாவது அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போனது. இதைவிடத் துல்லியம் வேண்டுமா? கதவுகள் நெருப்புக்கும் அதிர்ச்சிக்கும் தாங்குகிற மாதிரி கனமானவை. வெளியே இருந்து வருவதைத் தடுக்கக் கட்டிய கதவுகள் உள்ளே இருந்தவர்களையும் வெளியே விடவில்லை. அடித்தளத்தில் இருந்த தண்ணீர் கொதித்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 408 என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. பல உடல்களை அடையாளம் காணவே முடியவில்லை.

அமெரிக்கா என்ன சொன்னது? அது ராணுவக் கட்டளை மையம். அங்கிருந்து ரேடியோ சிக்னல் வந்தது, கூரைக்கு ராணுவ வண்ணம் பூசியிருந்தது, சுற்றி முள்வேலி இருந்தது. அவர்களுடைய இலக்குப் பட்டியலில் அந்த இடத்தின் பெயர் அல்-ஃபிர்தௌஸ் பங்கர். ஃபிர்தௌஸ் என்றால் சொர்க்கம். பொதுமக்கள் உள்ளே தூங்குவது தெரியாது என்றார்கள். இது பொய் என்றே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உண்மை என்றே வைத்துக்கொள்ளலாம், அப்போதுதான் விஷயம் இன்னும் பயங்கரம். சிக்னல் பிடிக்கிற கருவி, படம் எடுக்கிற செயற்கைக்கோள், ராத்திரியில் பார்க்கிற கேமரா எல்லாம் இருந்த ராணுவத்துக்கு, நானூறு பேர் போர்வையைச் சுருட்டிக்கொண்டு தினம் சாயங்காலம் வரிசையாக உள்ளே போவது தெரியவில்லை. அதே கட்டிடம் முந்தைய போரில் பொதுமக்களின் காப்பிடமாக இருந்தது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அந்த வருடமே எடுத்துக் காட்டியது. அது ராணுவ இடமாக மாறிவிட்டது என்று நினைத்திருந்தால் முன்னெச்சரிக்கை கொடுத்திருக்க வேண்டாமா என்றும் கேட்டது. கொடுக்கவில்லை.

தடித்த கான்கிரீட் கூரை எதற்குப் போடுவார்கள்? உள்ளே இருப்பது உயிர் பிழைக்க வேண்டும் என்பதற்கு. ஜெனரலும் போடுவான், தாயும் போடுவாள். மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கூரை. பங்கர் பஸ்டருக்கு என்று ஒரு ஆயுதத்தைச் செய்து வைத்துவிட்டால், எங்கெல்லாம் தடித்த கூரை தெரிகிறதோ அங்கெல்லாம் அது இலக்காகத் தெரியும்.

பங்கர் என்ற சொல்லின் அர்த்தம் இங்கிலீஷ் செய்தி படித்துத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஒன்று, ஈழத்தில் வளர்ந்தவர்களுக்கு வேறு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் போர்க்காலத்தில் வீட்டு வளவில், பள்ளிக்கூட முற்றத்தில் மண்வெட்டியால் வெட்டி, மேலே பனங்குற்றியும் தென்னங்குற்றியும் அடுக்கி, மண் மூட்டை போட்டு மூடிய குழிக்குப் பெயர் பங்கர். விமானச் சத்தம் கேட்டால் அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற இடம். அந்தத் தமிழில் 'பங்கர் பஸ்டர்' என்பதைச் சொல்லிப் பாருங்கள், அனிமேஷனில் கேட்ட மாதிரி கேட்காது.

"அதெல்லாம் 1991 கதை சார், இப்போ டெக்னாலஜி எங்கேயோ போயாச்சு" என்று ஒரு குரல் கேட்கும். கேட்கட்டும். அதற்குப் பதில் ஃபோர்டோவிலேயே இருக்கிறது.

ஃபோர்டோவைப் பொறுத்தவரை அமெரிக்கா அரைகுறையாகப் பாடம் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகவில்லை. முப்படைத் தளபதி டான் கெய்ன் 2025 ஜூன் 26 அன்று சொன்ன விவரம் இது: 2009-ல் ஒரு ராணுவ அதிகாரியிடம் ஃபோர்டோவின் படத்தைக் காட்டினார்கள். அன்றிலிருந்து 15 வருடம் அவரும் இன்னொருவருமாக அந்த ஒரு இடத்தையே படித்தார்கள். தோண்டிய மண் எவ்வளவு, காற்றுக் குழாய் எங்கே, வெளியே போன கழிவு என்ன, உள்ளே போன இயந்திரம் என்ன எல்லாம். இந்தக் குண்டு வேலைக்காகச் சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஓடிய நேரம், ஒரு கட்டத்தில் அந்த நாட்டிலேயே அதிகம் என்றார். குண்டுகளைக் காற்றுக் குழாய்களின் வாய் வழியாகவே இறக்கினார்கள். முதல் குண்டு கான்கிரீட் மூடியைப் பெயர்த்தது, அடுத்தவை அதே துளையில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அமிரியாவில் இரண்டு குண்டு செய்த அதே வித்தைதான், இன்னும் பெரிதாக.

சரி. 15 வருடப் படிப்பு, 190 டன் குண்டு. அடுத்த நாள் என்ன தெரிந்தது?

டிரம்ப் அன்றே முற்றிலுமாக அழித்தாகிவிட்டது என்று அறிவித்தார். சில நாளில் அவருடைய ராணுவ உளவுத்துறையின் முதல்கட்ட மதிப்பீடு கசிந்தது, சில மாதப் பின்னடைவுதான் என்று. சி.ஐ.ஏ. இல்லை, பல வருடம் ஆகும் என்றது. ஜூலை ஆரம்பத்தில் பென்டகன் ஒன்றிலிருந்து இரண்டு வருடம் என்றது. ஒரே அரசாங்கம், ஒரே குண்டு, ஒரே ஓட்டை, ஆளுக்கொரு விடை! ஏன்? உள்ளே போய்ப் பார்த்தவர் யாருமில்லை. பார்க்கக்கூடிய வழியைத்தான் இந்தக் குண்டே மூடிவிட்டதே.

இதில் முக்கியமான சரக்கு எது? சென்ட்ரிஃபியூஜ் இயந்திரம் போனால் இன்னொன்று செய்யலாம். சரக்கு, 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம். சர்வதேச அணுசக்தி முகமையின் மதிப்பீட்டில் 2025 ஜூன் 13 அன்று ஈரானிடம் அது 440.9 கிலோ. 0.9 கிலோ வரைக்கும் எழுதியிருக்கிறது பாருங்கள், ஆய்வாளர்களின் சரிபார்ப்பை வைத்துப் போட்ட கணக்கு அது. அந்தத் தேதியோடு கணக்குப் புத்தகம் நின்றுவிட்டது. அன்றுதான் இஸ்ரேல் தாக்குதலைத் தொடங்கியது. 19-ம் தேதி ஃபோர்டோ சுரங்க வாசலில் லாரிகள் வரிசையாக நிற்பதை வணிகச் செயற்கைக்கோள் படம் பிடித்தது. 22-ம் தேதி குண்டு விழுந்தது. ஜூலையில் ஈரான் முகமையுடன் ஒத்துழைப்பை நிறுத்தச் சட்டம் போட்டது. நவம்பரில் முகமை தன் அறிக்கையில், அந்தச் சரக்கைப் பற்றித் தொடர்ச்சியாகத் தெரிந்துவந்தது அறுந்துவிட்டது, சரிபார்ப்பு எப்போதோ நடந்திருக்க வேண்டும் என்று எழுதியது. குண்டு விழுந்த மூன்று இடங்களிலும் அந்த வருடம் முடியும்வரை ஒரு ஆய்வாளரும் கால் வைக்கவில்லை.

ஸ்டாக் ரெஜிஸ்டரையும் குடோன் சாவியையும் ஒரே குழியில் போட்டு மூடிவிட்டு, சரக்கு அழிந்துவிட்டது என்று சொன்னால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

அடுத்தது செலவுக் கணக்கு. பி-2 விமானம் மொத்தம் கட்டியதே 21. ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்தால் ஒன்றுக்குச் சுமார் 200 கோடி டாலர். அந்த விமானம் இல்லாமல் இந்தக் குண்டு வெறும் இரும்புக் கம்பம். எதிர்ப்பக்கத்தில் இருப்பது என்ன? பாறை துளைக்கும் இயந்திரம், வெடி, லாரி, கூலி. மெட்ரோ ரயிலுக்குத் தோண்டுகிற அதே வேலை.

வரிசையைப் பாருங்கள். 1981 ஜூன் 7-ல் இஸ்ரேல் ஈராக்கின் ஒசிராக் அணு உலையைக் குண்டுபோட்டு அழித்தது. அது தரைக்கு மேலே, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த இடத்தில் இருந்த கட்டிடம். அதற்குப் பிறகு ஈராக்கின் அணு ஆயுத வேலை நிற்கவில்லை, ரகசியமாகி இன்னும் பெரிதானது. ஈரான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நதான்ஸைக் கட்டும்போது தரைக்குக் கீழே சில மீட்டர் போனது. ஃபோர்டோவில் மலைக்குள் 80, 90 மீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். நதான்ஸுக்குத் தெற்கே இன்னொரு மலைக்குள் தோண்டுகிற சுரங்கம் 80-லிருந்து 100 மீட்டர் வரை இருக்கலாம் என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த நிபுணர்கள் ஏ.பி. செய்தி நிறுவனத்திடம் 2023 மே மாதத்திலேயே சொன்னார்கள். ஜி.பி.யூ.-57-க்குச் சொல்லப்படும் 60 மீட்டரை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த 60 மீட்டரும் கெட்டிப் பாறையில் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

தோண்டுகிறவன் இன்னும் 20 மீட்டர் கீழே போக அவனுக்குச் சில மாதம் போதும். குண்டு இன்னும் 20 மீட்டர் போக வேண்டுமானால் புதுக் குண்டு, ஒருவேளை புது விமானம், 10 வருடம். வேகத்தை மட்டும் கூட்டிவிட முடியாதா என்றால் அதற்கும் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மேல் போனால் மோதும் எஃகே நசுங்க ஆரம்பிக்கும். குண்டுக்கு ஒரு அடிமட்டம் உண்டு. மண்வெட்டிக்குக் கிடையாது.

இந்த இடத்தில் ஆழப் பைத்தியம் பிடித்தவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள் என்பதற்கு ஊகம் தேவையில்லை, கேட்டே விட்டார்கள். சாதா வெடிமருந்து பத்தவில்லையா, அணுகுண்டை வைத்துவிடுவோம்! அமெரிக்காவிடம் பி61-11 என்று தரையைத் துளைக்கும் அணுகுண்டு 1997-லிருந்தே உண்டு. ஜார்ஜ் புஷ் ஆட்சியில் அதைவிட வலுவானதைச் செய்ய ஒரு திட்டம் போட்டார்கள். பூமிக்குள் வெடிப்பதால் கதிர்வீச்சு வெளியே வராது என்று ஒரு நப்பாசை. 1962-ல் நெவாடாவில் செடான் என்ற சோதனையில் 104 கிலோடன் குண்டை 194 மீட்டர் ஆழத்தில், அதுவும் முன்கூட்டியே தோண்டிப் புதைத்து வெடித்தார்கள். அதிலேயே கதிர்வீச்சு மேகம் மாநிலங்கள் தாண்டிப் போனது. விமானத்திலிருந்து விழுகிற குண்டு எத்தனை மீட்டர் போய்விடும்? 2005-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு பதில் எழுதியது: அப்படி அடக்கிவைக்கும் ஆழத்துக்கு எந்தக் குண்டாலும் போக முடியாது, நெரிசலான நகரத்துக்குப் பக்கத்தில் போட்டால், வெடிப்பின் வலிமையைப் பொறுத்து, சில ஆயிரத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல்வரை ஆள் சேதம் வரலாம். அந்த வருடம் காங்கிரஸ் பணம் தர மறுத்தது, திட்டம் நின்றது. பி61-11 நிற்கவில்லை.

"அப்போ என்னதான் செய்யச் சொல்றீங்க? ஈரான் அணுகுண்டு செய்யட்டும்னு விட்டுடணுமா?" நியாயமான கேள்விதான். ஈரானுக்கு வக்காலத்து வாங்கவும் இங்கே வேலை இல்லை. ஃபோர்டோவை ரகசியமாகத்தான் கட்டினார்கள், 2009 செப்டம்பரில் ஒபாமா, சர்கோசி, கார்டன் பிரவுன் மூவரும் மேடையில் போட்டு உடைத்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. மின்சாரத்துக்கு 60 சதவீதச் செறிவு தேவையில்லை, 5 சதவீதத்துக்குள் போதும். ஏன் அவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு தெஹ்ரான் ஒழுங்கான பதில் சொன்னதே இல்லை.

ஆனால் அந்த மலைக்குள் ஒரு குண்டும் போடாமல் ஆட்கள் நுழைந்த காலம் ஒன்று உண்டு. 2015 ஒப்பந்தப்படி ஃபோர்டோவில் 15 வருடத்துக்கு யுரேனியமே இருக்கக்கூடாது. முகமை ஆய்வாளர்கள் தினம்கூடப் போய்ப் பார்க்கலாம். ஈரானின் கையிருப்பு 3.67 சதவீதத்தில் 300 கிலோவைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தத்தின்படி 2015 டிசம்பர் கடைசியில் 11,000 கிலோவுக்கும் மேற்பட்ட குறைசெறிவு யுரேனியம் ஒரு கப்பலில் ஏறி ரஷ்யா போனது. வேலையை முடித்தது ஒரு கப்பல், கொஞ்சம் பேப்பர், சீல், கேமரா. அனிமேஷன் போட முடியாத காட்சி, டி.ஆர்.பி. வராது. ஈரான் வரம்புக்குள் இருக்கிறது என்று முகமை ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே 2018 மே 8-ல் டிரம்ப் வெளியேறினார். 2019 நவம்பரில் ஃபோர்டோவில் மறுபடியும் செறிவூட்டல் தொடங்கியது. 2021 ஜனவரியில் 20 சதவீதம். 2022 நவம்பரில் அதே மலைக்குள் 60 சதவீதம். அந்த 440.9 கிலோவில் ஒரு கிராம்கூட 2018-ல் இல்லை.

ஒப்பந்தம் சில வருடங்களில் தேய்ந்துவிடுகிற வகையில்தான் எழுதப்பட்டிருந்தது, நிரந்தரம் இல்லை என்பது அதன் எதிரிகளின் வாதம். சரி, 15 வருடம்தான். குண்டு எத்தனை வருடம் வாங்கித் தந்தது என்று பென்டகனே சொன்னதல்லவா, ஒன்றிலிருந்து இரண்டு. ஈராக் விஷயத்திலும் இதே கதைதான். ஒசிராக்கில் குண்டு போட்டு முடிக்காததை 1991-க்குப் பிறகு ஐ.நா. ஆய்வாளர்கள் கதவு கதவாகத் தட்டி, கோப்பு கோப்பாகப் புரட்டி முடித்தார்கள். 2003-ல் அவர்கள் ஒன்றும் கிடைக்கவில்லை என்றபோது நம்பாமல்தான் டோரா பண்ணையில் துளைக்கப் போனார்கள்.

கடைசியாக ஒன்று, அந்த ஜூன் ராத்திரியின் பட்டியலிலிருந்தே. மூன்றாவது இலக்கு இஸ்ஃபஹான். செறிவூட்டிய யுரேனியத்தில் கணிசமான பங்கு அங்கிருந்த சுரங்கங்களில்தான் என்று முகமையே பிறகு சொன்னது. அது இருந்தது ஆக்சிஜன் சிலிண்டர் அளவுக்கு, கைவண்டியில் தள்ளிப்போகக்கூடிய குடுவைகளில். இஸ்ஃபஹானில் ஒரு பங்கர் பஸ்டரும் விழவில்லை. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து டோமஹாக் ஏவுகணைகள் மட்டும் விட்டார்கள், அவை தரைக்கு மேலே இருந்ததை உடைத்தன. சுரங்கத்துக்கு ஏன் போடவில்லை என்று மூடிய அறையில் செனட்டர்கள் கேட்டபோது கெய்ன் சொன்ன காரணம் செய்தியில் வந்தது: அது ரொம்ப ஆழம், அந்தக் குண்டால் பயனில்லை.